பழைய டிஎக்ஸுக்கு எந்த இஞ்சின்?

ஜொகூர் பாரு, கூலாய், குளுவாங் என்று எந்த ஊர் வர்க்‌ஷாப்பிலும் பழைய டொயோட்டா கொரோலா டிஎக்ஸ் ஒன்று நின்றால், சுற்றி நிற்பவர்கள் பேசுவது பெரும்பாலும் ஒரே பேச்சுதான்: இதில் என்ன இஞ்சின் போடலாம்? பதிலாக வருவது குதிரைத்திறன் எண்கள். 165 என்பார் ஒருவர், 210 என்பார் இன்னொருவர். ஃபோர்மன் மட்டும் சட்டென்று வாய் திறக்க மாட்டார். வாங்கி வந்த இஞ்சின் கியர் பாக்ஸோடு சேராமல், சேர்ந்தாலும் தண்ணீர்க் குழாய்க்கு இடமில்லாமல், எல்லாம் முடிந்த பிறகும் சாலைப் போக்குவரத்து இலாகாவின் (ஜேபிஜே) பதிவில் ஏறாமல் மாதக்கணக்கில் மூலையில் நிற்கும் வண்டிகளை அவர் பார்த்திருக்கிறார். நல்ல வண்டிகள் இப்படிப் பாழாவதைக் காணச் சகிக்கவில்லை. அதனால்தான் இந்தப் பேச்சில் அடிபடும் இஞ்சின்களை ஒவ்வொன்றாக எடுத்து, ஜொகூர் சாலையில் தினமும் ஓடப்போகும் ஒரு டிஎக்ஸுக்கு எது உண்மையில் பொருந்தும் என்று எடைபோட வேண்டியிருக்கிறது.

டிஎக்ஸ் என்று நாம் அழைப்பது நான்காம் தலைமுறைக் கொரோலாவான கேஇ70. 1979இல் வந்தது. அடுத்த தலைமுறைச் செடான் 1983இல் முன்சக்கர இயக்கத்துக்கு மாறிவிட்டதால், பின்சக்கரத்தால் ஓடிய கடைசிக் கொரோலா செடான் இதுதான். அதே 1983இல் பழைய பின்சக்கர அடித்தளத்தைத் தொடர்ந்து வந்த கூபே ஏஇ86. ‘இனிஷியல் டி’ படக்கதை அந்தக் கூபேயின் புகழை உலகெங்கும் கொண்டுபோனது. அதன் நிழல் கேஇ70 மேலும் விழுந்தது. முன் சஸ்பென்ஷன், கிராஸ்மெம்பர், பின் அச்சு என்று பலவற்றை இரண்டு வண்டிகளுக்கும் இடையே மாற்றிப் பூட்ட முடியும். டிஎக்ஸுக்கு இத்தனை இஞ்சின் யோசனைகள் வரக் காரணம் இந்த உறவுதான்.

வண்டியோடு பிறந்த இஞ்சின் 4கே. 1290 சிசி, கார்புரேட்டர், சுமார் 60 குதிரைத்திறன். வண்டியின் எடை 900 கிலோவை ஒட்டி. ரேடியேட்டர், பிரேக், டிஃப்பரன்ஷியல், பெட்ரோல் குழாய் எல்லாமே இந்த அறுபதுக்காக அளவெடுத்துச் செய்தவை. இஞ்சினை மாற்றும்போது நாம் கலைப்பது இந்த மொத்த அளவையும்தான். எத்தனை பாகங்களைக் கலைக்கிறோம், கலைத்த ஒவ்வொன்றையும் திரும்ப ஈடுகட்ட ஜொகூரில் வழி இருக்கிறதா, பத்து வருடம் கழித்தும் அந்தப் பாகம் கிடைக்குமா, கிராண்டில், அதாவது வாகனப் பதிவுப் பத்திரத்தில், ஏறுமா: என் உரைகல் இவ்வளவுதான்.

முதலில், மாற்றத்தை மிகக் குறைவாகக் கேட்கும் வழி. 4கேயின் அண்ணன் 5கே, 1486 சிசி. ஸ்ட்ரோக் 4கே போலவே 73 மில்லிமீட்டர். சிலிண்டர் விட்டம் மட்டும் 75இலிருந்து 80.5 ஆகக் கூடியிருக்கிறது. லைட்ஏஸ் வேன்களில் ஓடிய இஞ்சின் என்பதால் பழைய ஃபோர்மன்களுக்கு இது தண்ணீர்பட்ட பாடு. கியர் பாக்ஸ் மாற வேண்டாம், வயரிங் தொட வேண்டாம். வண்டியைப் பிறந்த நிலையிலேயே காப்பாற்ற நினைப்பவர்களுக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை. அவர்கள் இந்தக் கட்டுரையை இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் இதுவும் கார்புரேட்டரும் புஷ்ராடும் உள்ள அதே காலத்து இஞ்சின்தான். காலையில் சோக் இழுக்காமல் கிளம்ப வேண்டும், நெடுஞ்சாலையில் லாரியைத் தயங்காமல் முந்த வேண்டும், பெட்ரோலும் மிச்சமாக வேண்டும் என்று கேட்பவருக்கு 5கே பாதி விடைதான்.

அடுத்தது 4ஏ-ஜிஇ. இந்தப் பேச்சில் அதிக நேரம் நிற்க வேண்டிய இடம் இதுதான், ஏனென்றால் ஆசையும் ஏமாற்றமும் அதிகமாகக் கலந்திருப்பது இங்கேதான்.

1587 சிசி, 81க்கு 77 மில்லிமீட்டர், இரட்டைக் கேம். ஏஇ86இல் டொயோட்டாவே நெடுக்குவாட்டில் வைத்து, டி50 கியர் பாக்ஸோடு பூட்டி விற்ற இஞ்சின் 16 வால்வ் 4ஏ-ஜிஇ. ஜப்பானில் அன்று சொன்ன அளவு 130 குதிரைத்திறன். கேஇ70க்குள் இது உட்காருவதில் பெரிய மர்மம் எதுவும் இல்லை, தொழிற்சாலை ஏற்கெனவே அந்தக் கணக்கைப் போட்டு முடித்துவிட்டது. மவுண்ட், சம்ப், தண்ணீர்க் குழாய், கிளட்ச் எல்லாம் ஏஇ86இலிருந்து அப்படியே வரும். மதிப்பில் இதற்குத்தான் முதலிடம், அதில் எனக்குத் தயக்கமே இல்லை. தயக்கம் வேறிடத்தில். ஏஇ86 உற்பத்தி 1987இல் நின்றுவிட்டது. இன்று கையில் கிடைக்கும் எந்தப் பின்சக்கர 4ஏ-ஜிஇயும் நாற்பது வயதை நெருங்கியது. டி50 கியர் பாக்ஸின் சிங்க்ரோ ரிங் தேய்ந்திருக்கும். பின்சக்கர சம்ப்பும் அதற்குரிய ஆயில் பிக்கப்பும் தனியாகத் தேட வேண்டிய பொருளாகிவிட்டன. ‘கோசோங்’ என்று கடையில் சொல்லும் வெறும் இஞ்சினை மலிவாக வாங்கிவிட்டு, அதைச் சுற்றியுள்ள சின்னச் சின்னப் பாகங்களுக்கு இஞ்சின் விலையைத் தாண்டிச் செலவழித்தவர்கள் பலர்.

பழைய 16 வால்வ் கிடைக்காதபோது கை போகும் இடம் 20 வால்வ். இது இரண்டு வகை. வெள்ளி நிற மூடி உள்ளது ஏஇ101 லெவின், ட்ருவெனோ கார்களில் 1991இலிருந்து வந்தது: 160 குதிரைத்திறன், 7400 சுற்றில். கறுப்பு மூடி 1995இல் ஏஇ111இல் வந்தது: 165 குதிரைத்திறன், 7800 சுற்றில். ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனி த்ரோட்டில். திறந்துவிட்டால் அந்தச் சத்தத்துக்கு மயங்காதவர் குறைவு, நானும் மயங்கியிருக்கிறேன். ஆனால் இந்த இரண்டும் முன்சக்கரக் கார்களில் குறுக்குவாட்டில் உட்கார மட்டுமே செய்யப்பட்டவை. நெடுக்கே திருப்பினால் என்ன ஆகிறது என்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும்.

டிஸ்ட்ரிபியூட்டர் ஹெட்டின் பின்முனையில், கேம் ஷாஃப்டின் கடைசியில் இருக்கிறது. முன்சக்கரக் காரில் அங்கே கியர் பாக்ஸுக்கு மேலே காலி இடம். கேஇ70இல் அங்கே இருப்பது ஃபயர்வால். இஞ்சினை மவுண்டில் இறக்கினால் டிஸ்ட்ரிபியூட்டர் இரும்புத் தகட்டில் முட்டும். சுத்தியலால் தகட்டைக் குழியாக்குகிறவர்கள் உண்டு. குழித்தாலும் மூடியைக் கழற்றி ரோட்டரைப் பார்க்கக் கை போகாது. டிஸ்ட்ரிபியூட்டரையே எடுத்துவிட்டு, தனி இசியூவும் காயில் பேக்கும் வைப்பதுதான் ஒழுங்கான வழி. அப்படியானால் இசியூ செலவோடு டைனோவில் ட்யூன் செய்யும் செலவும் சேர்கிறது. அடுத்தது தண்ணீர். சூடான தண்ணீர் வெளியேறும் வாயும் ஹெட்டின் அதே பின்முனையில்தான். அங்கிருந்து முன்னால் இருக்கும் ரேடியேட்டருக்குக் குழாயைச் சுற்றிக் கொண்டுவர வேண்டும். வழியில் எக்ஸாஸ்ட் சூடு படாமலும் காற்றுக்குமிழி தங்காமலும் பார்க்க வேண்டும். மூன்றாவது, பார்வைக்கே தெரியாத பாகம்: பைலட் பேரிங். பின்சக்கர கியர் பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட் முனை கிராங்க் ஷாஃப்டின் நடுத்துளையில் ஒரு சின்ன பேரிங்கில் தாங்கி நிற்க வேண்டும். முன்சக்கரக் காரிலிருந்து வந்த இஞ்சினில் அந்த பேரிங் இருக்காது. மறந்துவிட்டு பூட்டினால் முதலில் கிளட்ச் மிதிக்கும்போது ஒரு முனகல் கேட்கும், பிறகு இன்புட் ஷாஃப்ட் ஆடத் தொடங்கும், கடைசியில் கியர் பாக்ஸே போய்விடும். சில வெள்ளிக்குக் கிடைக்கும் பொருள் அது.

வெள்ளி மூடிக்கும் கறுப்பு மூடிக்கும் இடையிலான குழப்பம் இன்னொரு செலவு. வெள்ளி மூடி உள்ளே வரும் காற்றை ஏர் ஃப்ளோ மீட்டரால் அளக்கிறது. கறுப்பு மூடி அழுத்தத்தை மேப் சென்சாரால் அளக்கிறது. ஒன்றின் இசியூவும் வயரிங்கும் மற்றதற்கு உதவாது. இஞ்சின் ஒரு கடையில், வயரிங் இன்னொரு கடையில் என்று வாங்குகிறவர்கள் பெரும்பாலும் இங்கேதான் சிக்குகிறார்கள்.

இவ்வளவையும் சரிசெய்து முடித்தவர்களை நான் மதிக்கிறேன். ஆனால் ஒன்றை யோசிக்க வேண்டும்: 7800 சுற்றை ஜொகூரில் எங்கே பயன்படுத்துவது? பாசிர் கூடாங் பந்தயத் தடம் இருந்த காலம் வேறு. 1998இல் மோட்டார் சைக்கிள் கிராண்ட் பிரியே அங்கே நடந்தது. இப்போது பெரிய பந்தயத் தடத்தில் ஓட்ட வேண்டுமென்றால் சிப்பாங் வரை போக வேண்டும். நம் அன்றாடம் தெப்ராவ் நெடுஞ்சாலையின் நெரிசல், ஸ்கூடாய் சிக்னல், சனிக்கிழமைக் காலை சிங்கப்பூர்ப் பாலத்து வரிசை. அங்கெல்லாம் இஞ்சின் 2000இலிருந்து 3000 சுற்றுக்குள் ஓடுகிறது. 20 வால்வ் தன் முழு இழுவையைத் தருவதோ 5000க்கு மேலே. பெட்ரோலையும் கணக்கில் சேர்க்க வேண்டும். கறுப்பு மூடியின் கம்ப்ரெஷன் 11க்கு 1. ஜப்பானின் ஹை-ஆக்டேன் பெட்ரோலை நம்பி அமைத்த இஞ்சின். இங்கே அதற்கு ரான்97 ஊற்ற வேண்டும். 2025 செப்டம்பர் இறுதியில் வந்த புடி95 பெட்ரோல் மானியத் திட்டத்தின் 1.99 வெள்ளி விலை ரான்95க்கு மட்டும்தான்.

210 குதிரைத்திறன் ஆசைக்கு வருவோம். டொயோட்டா ஆல்டெஸ்ஸாவின் 3எஸ்-ஜிஇ பீம்ஸ், 1998 சிசி, ஆறு கியர் ஜே160. பின்சக்கரக் காருக்கென்றே நெடுக்குவாட்டில் செய்தது, அதனால் 20 வால்வுக்கு வரும் டிஸ்ட்ரிபியூட்டர் தொல்லை இதற்கு இல்லை. அருமையான இஞ்சின். கேஇ70க்கு ஆகாது என்பதே என் கருத்து, அதைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். அறுபது குதிரைக்குச் செய்த வண்டியில் மூன்றரை மடங்கு பலத்தை வைத்தால் முன் டிஸ்க், பின் டிரம், டிஃப்பரன்ஷியல், அச்சு, டனல், கிராஸ்மெம்பர், ஸ்டீயரிங் எல்லாம் மாற வேண்டும். அத்தனையும் மாற்றிய பிறகு மிஞ்சுவது டிஎக்ஸின் கூடு மட்டும். நாற்பது வருடப் பழைய தகட்டின் ஸ்பாட் வெல்டும் தரையின் துருவும் அந்த முறுக்கைத் தாங்குமா என்பது தனிக் கேள்வி. சாலை வரியும் எகிறும்: தீபகற்பத்தில் தனியார் செடானுக்கு 1290 சிசி என்றால் வருடம் 70 வெள்ளி, 1401இலிருந்து 1600 சிசி வரை 90 வெள்ளி, 1998 சிசிக்கோ 379 வெள்ளி. தடத்துக்கு மட்டும் ஒரு வண்டி கட்டுகிறவர் பீம்ஸைத் தேர்ந்தெடுக்கட்டும். பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு வேலைக்குப் போகும் வண்டிக்கு அது வேண்டாம்.

இனி, பேச்சில் அதிகம் அடிபடாத இஞ்சின். டொயோட்டா அவான்சா 1.5இலும், 2008இல் வந்த ரஷ்ஷிலும் உள்ள 3எஸ்இசட்-விஇ. பெயர் சொன்னதும் பலருக்கு முகம் சுருங்கும். குடும்ப வேன் இஞ்சினா? ஆம், அதுதான். ஆனால் அந்த வேன் பின்சக்கரத்தால் ஓடுகிறது. இஞ்சின் நெடுக்குவாட்டில் நிற்கிறது, பின்னால் நேராக கியர் பாக்ஸ், அதிலிருந்து புரொப்பெல்லர் ஷாஃப்ட். கேஇ70இல் 4கே நிற்பதும் இதே திசையில்தான். டிஸ்ட்ரிபியூட்டரே கிடையாது, ஒவ்வொரு பிளக் மேலும் ஒரு காயில். டைமிங் பெல்ட் இல்லை, செயின். விவிடி உண்டு. 1495 சிசிக்கு 109 குதிரைத்திறன், 4400 சுற்றில் 141 நியூட்டன்மீட்டர் இழுவை. 72க்கு 91.8 மில்லிமீட்டர் என்ற நீண்ட ஸ்ட்ரோக்கால் கீழ்ச் சுற்றிலேயே நன்றாக இழுக்கும். கறுப்பு மூடியின் உச்ச இழுவை 162 நியூட்டன்மீட்டர்தான் என்பதை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். குதிரைத்திறனில் மலைபோலத் தெரிந்த வித்தியாசம், நாம் உண்மையில் ஓட்டும் சுற்றில் எவ்வளவு சுருங்குகிறது என்று புரியும்.

பாகம் கிடைப்பதில் இதற்கு ஈடே இல்லை. 2009இலிருந்து முதல் தலைமுறை அல்சாவிலும், 2011இலிருந்து மைவி 1.5இலும் ஓடியது இதே 3எஸ்இசட்-விஇதான். அல்சாவில் 2022 வரை இருந்தது. சிகாமாட்டிலோ மெர்சிங்கிலோ வண்டி நின்றுபோனாலும், வாட்டர் பம்ப், காயில், ஆக்சிஜன் சென்சார், ஹெட் கேஸ்கெட் எல்லாம் பக்கத்து ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் அன்றே கிடைக்கும். 4ஏ-ஜிஇக்கு அந்த வசதி இல்லை. ரான்95 போதும் என்பதும் இதோடு சேர்கிறது.

இதன் குறைகளையும் மறைக்கக் கூடாது. மைவி, அல்சா இஞ்சின்கள் மலிவாகக் கிடைக்கின்றனவே என்று அதை வாங்கி அப்படியே கேஇ70இல் வைக்க முடியாது. அவை குறுக்குவாட்டில் நிற்பவை. மவுண்ட், சம்ப், இன்டேக், தண்ணீர்க் குழாய் எல்லாம் வேறு. பிளாக், ஹெட், பிஸ்டன், செயின் போன்ற உள்பாகத்துக்கு மைவியை நம்பலாம். வெளிப்பாகத்துக்கு அவான்சாவோ ரஷ்ஷோதான் வேண்டும். கியர் பாக்ஸிலும் எச்சரிக்கை தேவை. 1.5 அவான்சா நம் நாட்டில் ஆட்டோவாகவே அதிகம். மேனுவல் வேண்டுமென்றால் ரஷ் மேனுவலைத் தேட வேண்டும், இல்லாவிட்டால் 1.3 அவான்சாவின் கியர் பாக்ஸ். அதன் கே3-விஇ இஞ்சினும் அதே 72 மில்லிமீட்டர் விட்டத்தில் வந்த தம்பிதான். ஆனாலும் பெல் ஹவுசிங்கின் போல்ட் துளைகளை இஞ்சின் பின்புறத்தோடு நேரில் ஒட்டிப் பார்த்த பிறகே காசு கொடுக்க வேண்டும். கியர் லீவர் மேலே வரும் இடம் கேஇ70 டனலில் இருக்கும் துளைக்கு நேராக வராது. அளந்து பார்த்து வெட்ட வேண்டும். சம்ப்பின் தொட்டி கிராஸ்மெம்பரில் தட்டுகிறதா என்பதை இஞ்சினைத் தொங்கவிட்டே பார்க்க வேண்டும். தட்டினால் சம்ப்பை வெட்டி ஒட்டலாம், கிராஸ்மெம்பரை வெட்டக் கூடாது. சஸ்பென்ஷனைத் தாங்குவது அது.

இஞ்சின் இசியூ தனியாக வேலை செய்யாது. ஸ்பீட் சென்சார், சாவியின் இம்மொபிலைசர், ஏர்கான் சிக்னல் எல்லாவற்றையும் எதிர்பார்க்கும். டிஎக்ஸின் ஸ்பீடோமீட்டரோ கேபிளில் ஓடுகிறது. கொடுக்கும் வண்டியிலிருந்து இசியூ, முழு வயரிங், சாவி, அதன் ரிசீவர், த்ரோட்டில் பெடல் பக்கத்துப் பாகங்கள் அனைத்தையும் ஒரே நேரத்தில் எடுத்துவிடுங்கள். வயரை யாரும் வெட்டியிருக்கக் கூடாது. வயரிங் தெரிந்த ஒருவரிடம் இரண்டு நாள் கூலி கொடுத்து, தேவையில்லாத கிளைகளை நீக்கச் சொல்வது நல்ல செலவு.

பலரும் கோட்டைவிடும் கணக்கு கியர் விகிதம். ரஷ்ஷும் அவான்சாவும் ஆள் நிறைத்து ஏறும் வண்டிகள். அவற்றின் பின் அச்சு விகிதம் டிஎக்ஸுக்கானது அல்ல. கணக்கை நாமே போடலாம். 175/70 13 அங்குல டயரின் சுற்றளவு ஏறக்குறைய 1.81 மீட்டர். நெடுஞ்சாலையில் 110 கிலோமீட்டர் வேகத்தில் சக்கரம் நிமிடத்துக்குச் சுமார் 1014 முறை சுற்றும். டி50இன் ஐந்தாவது கியர் 0.861, ஏஇ86இன் 4.3 பின் அச்சோடு சேர்த்தால் இஞ்சின் 3750 சுற்றில் ஓடும். அதே கியரில் பின் அச்சு 3.9 என்றால் 3400. வாங்கப்போகும் கியர் பாக்ஸின் ஐந்தாவது கியரையும் கையில் இருக்கும் பின் அச்சையும் இந்தக் கணக்கில் போட்டுப் பாருங்கள். 3000க்கும் 3600க்கும் இடையே வந்தால் நெடுந்தூரத்தில் காது வலிக்காது. பின் அச்சின் விகிதம் தெரியாவிட்டால் வண்டியை ஜாக்கி ஏற்றி, ஒரு சக்கரத்தை அசையாமல் பிடித்து, மற்றதை இரண்டு சுற்றுச் சுற்றி, புரொப்பெல்லர் ஷாஃப்ட் எத்தனை சுற்றுகிறது என்று எண்ணினால் தெரிந்துவிடும்.

ஷாஃப்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. நீளம் மாறும், அதை வெட்டி ஒட்டினால் கட்டாயம் பேலன்ஸ் செய்ய வேண்டும். கியர் பாக்ஸின் முனையும் டிஃப்பரன்ஷியலின் முனையும் ஒன்றுக்கொன்று இணையான கோணத்தில் நிற்க வேண்டும். இல்லையென்றால் 80 கிலோமீட்டரைத் தாண்டியதும் தரை நடுங்கும். மவுண்டை வெல்டிங் செய்வதற்கு முன் கோணத்தை அளக்காதவர்கள் பிறகு வெட்டி மறுபடி ஒட்டுகிறார்கள்.

எந்த இஞ்சினானாலும் பெட்ரோல் குழாயில் விளையாடக் கூடாது. கார்புரேட்டருக்கு பெட்ரோல் வருவது மிகக் குறைந்த அழுத்தத்தில். இன்ஜெக்‌ஷனுக்கு 3 பார் அளவில் வேண்டும். பழைய ரப்பர் குழாய் அந்த அழுத்தத்தைத் தாங்காது. வெடித்தால் சூடான எக்ஸாஸ்ட் மேல்தான் தெளிக்கும். இன்ஜெக்‌ஷனுக்கென்று தரம் குறித்த குழாய், அதற்குரிய கிளிப், டாங்கியிலிருந்து சரியான பம்ப், இஞ்சின் நின்றால் பம்ப்பும் நிற்கும் ரிலே: இவற்றில் மிச்சம் பிடிக்கப் பார்க்கும் ஃபோர்மனிடம் வண்டியைத் திரும்பக் கேட்டு வாங்கிவிடுங்கள். வளைவில் டாங்கியின் பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்கி பம்ப் காற்றை இழுக்காதிருக்க டாங்கிக்குள் தடுப்போ தனி சர்ஜ் டாங்கோ தேவை.

ரேடியேட்டரில் மக்கள் கனத்தைப் பார்க்கிறார்கள். பாலத்து வரிசையில் ஒரு மணி நேரம் நிற்கும் வண்டிக்குக் கனத்தைவிட காற்று முக்கியம். நல்ல மின்விசிறி, ரேடியேட்டர் முழுவதையும் மூடும் விசிறிக்கூடு. கூடு இல்லாத விசிறி தனக்கு முன்னால் இருக்கும் வட்டத்தை மட்டும் குளிர்விக்கும், மூலைகள் கொதிக்கும். பிரேக்கில் 109 குதிரைத்திறனுக்கே ஏஇ86இன் காற்றோட்டமுள்ள முன் டிஸ்க் வேண்டும் என்பது என் கருத்து. வேகமாகப் போகும் வண்டி வேகமாக நிற்கவும் வேண்டும்.

வாங்கும் இடத்துக்கு வருவோம். பழைய காரின் முன்பாதியை இஞ்சினோடு வெட்டி விற்கும் ஹாஃப் கட் தொழில் ஜொகூரில் நன்றாக வேரூன்றிய தொழில். 2009 தேசிய வாகனக் கொள்கை மறுஆய்வு, பழைய உதிரிபாக இறக்குமதியை 2011 ஜூனோடு நிறுத்தப்போவதாக அறிவித்தபோது பலரும் பயந்தார்கள். அது நடைமுறைக்கு வரவில்லை. முழு ஹாஃப் கட் வாங்குவதே நல்லது. இஞ்சினைக் கழற்றும் முன் கடையிலேயே பேட்டரி கொடுத்து ஓடவிடச் சொல்லுங்கள். ஆயில் மூடியைத் திறந்து உள்ளே கறுப்புக் களி படிந்திருக்கிறதா என்று பாருங்கள். நான்கு சிலிண்டரிலும் கம்ப்ரெஷன் அளந்து, ஒன்றோடொன்று ஒத்திருக்கிறதா என்று பாருங்கள். கியர் பாக்ஸ் ஆயிலை ஒரு வெள்ளைத் துணியில் ஊற்றினால் பித்தளைத் தூள் மின்னுகிறதா என்று தெரியும். பழகிய கடைக்காரரிடம் “அண்ணே, ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணிக் காட்டுங்க” என்று கேட்பதில் கூச்சம் தேவையில்லை. நேர்மையான கடைக்காரர் மறுக்க மாட்டார்.

இதையெல்லாம்விட முக்கியமானது தாள். இஞ்சின் எண் கிராண்டில் பதிவாகும் விஷயம். 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் கீழ், இஞ்சினை மாற்றுவதற்கு ஜேபிஜேயின் அனுமதியும் சோதனையும் வேண்டும். அது இல்லாமல் ஓடினால் சாலைத் தடுப்பில் மட்டும் சிக்கல் வராது. விபத்து நேர்ந்தால் காப்புறுதி நிறுவனம் கைவிரிக்க அது போதும். ஆகவே காசு கொடுப்பதற்கு முன்பே எண்ணைப் பாருங்கள். சுரண்டியோ அரைத்தோ இருந்தால் விலை எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். இறக்குமதி இஞ்சினுக்கு சுங்கப் பத்திரத்தையும், எண் எழுதிய ரசீதையும் கேட்டு வாங்குங்கள். உள்ளூரில் விபத்தான ரஷ்ஷிலிருந்து எடுத்தால் அந்த வண்டியின் பதிவு ரத்தாகிவிட்டதா என்று உறுதி செய்யுங்கள். ஒரே எண் இரண்டு கிராண்டில் நிற்க முடியாது. வர்க்‌ஷாப் போவதற்கு முன் ஜேபிஜே முகப்பில் விசாரித்து, அவர்கள் கேட்கும் தாள்களை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இங்கேயும் 3எஸ்இசட்-விஇக்கு ஒரு சாதகம் உண்டு: உள்ளூரில் பதிவான வண்டியின் இஞ்சின் என்பதால் அது எங்கிருந்து வந்தது என்பதைக் காட்டுவது எளிது. 1495 சிசி என்பதால் சாலை வரியும் 90 வெள்ளிக்குள் நிற்கிறது.

இதற்கு எதிராக வரும் வலுவான வாதம் ஒன்றுண்டு. பழைய காரின் உயிர் அதன் சத்தத்திலும் காலத்திலும் இருக்கிறது, 2008ஆம் ஆண்டு வேன் இஞ்சினை அதில் வைப்பது உயிரை எடுப்பது என்பார்கள். இதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. பழைய கொரோலாவின் பானெட்டைத் திறந்தால் பிளாஸ்டிக் மூடி கண்ணில் படுவது எனக்கும் உறுத்தும்தான். விற்கும்போது 4ஏ-ஜிஇ உள்ள வண்டி நல்ல விலைக்குப் போகும், 3எஸ்இசட்-விஇ உள்ள வண்டி அவ்வளவு போகாது. ஆனால் ஒரு பாகம் வராமல் ஷெட்டில் உறங்கும் 4ஏ-ஜிஇ டிஎக்ஸையும், தீபாவளிக்கு முதல் நாள் குடும்பத்தோடு ஜொகூர் பாருவிலிருந்து ஈப்போ வரை ஏர்கான் போட்டுப் போகும் டிஎக்ஸையும் பக்கத்தில் நிறுத்தினால், எனக்கு உயிரோடு தெரிவது இரண்டாவதுதான்.

ஆகவே என் தீர்ப்பு இது. அசல் நிலையைக் காப்பாற்ற நினைப்பவருக்கு 5கே. ஏஇ86இலிருந்து இஞ்சின், டி50, சம்ப், மவுண்ட், தண்ணீர்க் குழாய், பின் அச்சு எல்லாம் ஒரே கையிலிருந்து முழுத் தொகுப்பாகக் கிடைத்தவருக்கு 16 வால்வ் 4ஏ-ஜிஇ; ஒன்று குறைந்தாலும் அந்த எண்ணத்தைக் கைவிட வேண்டும். 20 வால்வை, பின்சக்கர மாற்றத்துக்கான எல்லாப் பாகங்களும் தனி இசியூவும் மேசைமேல் வந்து சேர்ந்த பிறகே தொட வேண்டும். பீம்ஸ் தடத்துக்கு. மற்ற எல்லாருக்கும், அதாவது பழைய டிஎக்ஸை நேசித்து அதைத் தினமும் ஓட்ட நினைக்கும் பெரும்பாலானோருக்கும், ரஷ் மேனுவலின் 3எஸ்இசட்-விஇயை அதன் கியர் பாக்ஸோடும் வயரிங்கோடும் சேர்த்து எடுப்பதே சரி. வாங்கும் வரிசையில் முதலில் தாள், அடுத்து கியர் பாக்ஸ், மூன்றாவதாகத்தான் இஞ்சின்.